அமைதிப் பகுதியில் வந்த நோய்

எங்கள் கொடுங்கையூர் தெருவில் ஒரு பழைய ஹவில்தார் இருக்கிறார். படையில் சேரும்போது நெஞ்சை அளந்தார்கள், பல்லை எண்ணினார்கள், தட்டைப் பாதமா என்று பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. ரத்தக்கொதிப்போடு வெளியே வந்தபோதுதான், 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல' என்று எழுதி ஊனமுற்றோர் பென்ஷனை மறுத்துவிட்டார்கள். நோய் தொடங்கியது சண்டை இல்லாத அமைதிப் பகுதியிலாம்.

"அமைதியா இருந்தா பிரஷர் எதுக்கு சார் ஏறுது?" என்கிறார். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்த உடம்பு என்று காரணம் எழுதாமல் விட்டார்களே, அந்தமட்டும் சரி.

இப்படி மறுக்கப்பட்டவர் இவர் மட்டுமல்ல. சிக்னல்ஸ் படைச் சிப்பாய் தரம்வீர் சிங் 1985இல் சேர்ந்தார். 1994இல் வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், பென்ஷன் கிடையாது. சேரும்போது பதிவேட்டில் குறிக்காத நோயைப் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். நடுவே 19 வருஷம். வலிப்பே தேவலாம்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று படியேறத்தான் வேண்டியிருக்கிறது. மூட்டு தேய்ந்து வந்தவருக்கும் இதே படிகள்தான். தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே ஓர் அமர்வு இருப்பதால் ரயில் செலவு மிச்சம்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் ஆத்திரத்தில் கிழித்துவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது அதன் நகலைத்தான்.