அளக்காத தண்ணீர் ஒழுகாது

ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்க்கிற ஊர் காஞ்சிபுரம். கொஞ்சம் குறைந்தாலும் கல்யாண வீட்டுக்காரர் கடையை இரண்டாக்கிவிடுவார். அதே மனிதர், பாலாற்றிலிருந்து ஏற்றிய தண்ணீரில் எவ்வளவு தன் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் நிர்வாகம் வானத்தைப் பார்க்கும்.

நிர்வாகத்தின் ஞானம் அப்படி. அளந்தால்தானே இழப்பு? குடிநீர் இழப்பு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும் என்று மத்திய அரசு 2008-இல் இலக்கு வைத்தது. நாமோ மீட்டரையே வைக்காமல் இலக்கைத் தோற்கடித்த மகான்கள். 2021-இல் நகராட்சி மாநகராட்சியானது, பெயர்ப்பலகை வளர்ந்தது.

வழி தேவரகசியம் அல்ல. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலைக்குழாயிலும் வீட்டு இணைப்புகளிலும் கருவி பொருத்தினால், உள்ளே போனது எவ்வளவு, வீடுகளுக்குப் போனது எவ்வளவு என்று கம்ப்யூட்டர் திரை சொல்லிவிடும். அழுத்தம் எகிறினால் வால்வு தானே அடங்கும். இதில்தான் சிக்கல். கருவிக்கு டீ வாங்கித் தர முடியாது. திருட்டு இணைப்பு கவுன்சிலரின் மச்சான் வீட்டுக்குப் போகிறது என்றால், அந்தப் பகுதியில் கணக்கு உதைக்கிறது என்று சொல்லித் தொலைக்கும். அதனால்தான் கருவி வாங்கும் டெண்டரில் காட்டும் சுறுசுறுப்பை, அது காட்டும் எண்ணைப் படிப்பதில் யாரும் காட்டுவதில்லை.

ஒழுகுவது தண்ணீர் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், நிறுத்தியதும் குழாய் வெறுமையாகிறது. வெளியே ஒழுகிய அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வருகிறது. வசதியுள்ளவர் மோட்டார் வைத்து உறிஞ்சும்போது இன்னும் வேகமாக வருகிறது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மோட்டாரும் கிடையாது, கேன் தண்ணீருக்குக் காசும் கிடையாது. அவர் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது எந்த இழப்புக் கணக்கில் ஏறும்?

கோயில் ஊர், பழைய தெரு, கூட்டம் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். ஒடிசாவின் புரி நகரமும் கோயில் ஊர்தான். ஜெகந்நாதருக்குக் கூட்டம் குறைவா? மீட்டர் வைத்து, கண்காணித்து, 2021 ஜூலையிலிருந்து குழாயில் அப்படியே குடிக்கும் தண்ணீரை 24 மணி நேரமும் தருகிறார்கள்.

ஓட்டு கேட்டு வருகிறவரிடம் இனி ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நேற்று எத்தனை லிட்டர் ஏற்றினீர்கள், எங்கள் வார்டுக்கு எத்தனை லிட்டர் வந்தது?" எண் சொல்லாதவரை வாசலோடு அனுப்புங்கள்.