வெனிஸில் ஒத்த மனத்தினர்

ஒத்த ரசனையுள்ள இருவர் வெனிஸைச் சுற்றிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: வழி தவறினால் இருவரும் ஒரே பக்கம்தான் தவறுவார்கள். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊர் அது. வீட்டு எண்கள் தெருவாரியாக அல்ல, வட்டாரவாரியாக ஆயிரக்கணக்கில் ஓடும். ஆறு வட்டாரங்களிலும் அதே எண் மறுபடி வரும். 'ரியால்டோ' பாலத்துக்கு வழி சொல்லும் மஞ்சள் பலகையோ சில முனைகளில் இடம், வலம் இரண்டுக்கும் அம்பு காட்டும். சண்டைக்கார ஜோடி என்றால் ஆளுக்கொரு பக்கம் போய், ஒருவராவது ஊர் போய்ச் சேர்வார். ஒத்த மனத்தினரோ "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றபடி, தெரு கால்வாயில் போய் முடியும் இடத்தில் நிற்பார்கள்.

செலவில் ஒற்றுமை கொஞ்சம் கைகொடுக்கும். கொண்டோலாப் படகின் பகல் கட்டணம் 2023 நவம்பர் முதல் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அது படகுக்குத்தான், தலைக்கு அல்ல. காப்பியை நின்று குடித்தால் மலிவு. சான் மார்க்கோ சதுக்கத்தில் உட்கார்ந்து குடித்தால் வாத்திய இசைக்கும் சேர்த்து பில் வரும். மிச்சம் பிடிக்க நினைத்துச் சதுக்கத்துப் படியில் அமர்ந்தால் அபராதம். அந்த விதி இருவருக்கும் ஒன்றாகவே மறந்துபோகும். அபராதம் மட்டும் தலைக்குத் தலை வசூலாகும்.