அரை மணி நேரத்தின் அருமை

கை கால் சரியாக வராத பிள்ளைக்கு விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை என்று புலம்புகிறவர்கள் நன்றி கெட்டவர்கள். அடையாள அட்டை கிடைக்கிறது. சான்றிதழ் கிடைக்கிறது. டவுன் பஸ்ஸில் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்து டிக்கெட் இல்லை. முகாம் என்றால் பந்தல், மேடை, பொன்னாடை, சாம்பார் சாதம். தை மாதம் அளவெடுத்த காலிபர் ஆடியில் வந்து, காலில் நுழையாமல் போனால்தான் என்ன? பிள்ளை வளர்ந்திருக்கிறது என்பதற்கு அரசாங்கமே தந்த அத்தாட்சி அது. இத்தனையும் கொடுத்த கையால் பிசியோதெரபியையும் வேண்டிய மட்டும் கொடுத்தால் திகட்டிவிடும் என்று யாரோ ஒரு மகான் யோசித்திருக்கிறார். திண்டிவனம் மேம்பாலத்தடியில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

முதலில், கண்டுபிடிக்கிற திறமையைச் சொல்ல வேண்டும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறையும் போக வேண்டும் என்று ஏற்பாடு. அது தேடுகிற குறைபாடுகளில் நரம்பும் தசையும் ஒத்துழைக்காத இந்தக் குறையும் ஒன்று. பார்ப்பார்கள், எழுதுவார்கள், மாவட்ட மையத்துக்குச் சீட்டுக் கொடுப்பார்கள். பிறந்ததும் அழவில்லை, ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை என்பதெல்லாம் பெற்றவளுக்கு முன்பே தெரியும்தான். ஆனால் அவள் கண்டுபிடித்ததற்குப் பதிவேடு கிடையாதே.

இடைப்பட்ட காலத்தைக் கவலையில்லாமல் கழிக்க ஊரே கைகொடுக்கிறது. "அவங்கப்பனே ரெண்டு வயசுலதான் நடந்தான், நீ ஏம்மா பயப்படுற" என்பார் மாமியார். "சில புள்ளைங்க லேட்டாதாம்மா வரும், மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்" என்பார் டாக்டர். இருவரும் மனம் நோகாமல் பேசத் தெரிந்தவர்கள். அப்படிப் பேசத் தெரியாத சிலர் கனடாவின் ஒன்டாரியோவில் 657 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அளந்து, 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளை முடக்குவாதம் மிகக் கடுமையாக உள்ள குழந்தை, தன்னால் எட்டக்கூடிய இயக்கத்தில் 90 விழுக்காட்டை மூன்று வயதுக்கு முன்பே எட்டிவிடுகிறதாம். லேசாக உள்ள குழந்தை ஐந்து வயதுக்குள். நம் பக்கத்தில் சீட்டும் சான்றிதழும் பயிற்சிக்குத் தேதியும் கூடிவருகிற வயது அதுதான். அதைத் தாண்டி வருகிற பிள்ளைக்கு அவசரம் எதுவும் இருக்காது. வேலை பார்ப்பவர்களுக்கும் நிதானம்.

அப்புறம் அளவு. கை வராத பிள்ளை டம்ளரைத் தானே பிடித்துக் குடிப்பது போல ஒரே ஒரு காரியம் பழக, அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்து 14 முதல் 25 மணி நேரம் பயிற்சி தேவை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வெளிநாடுகளில் தினமும் சில மணி நேரம் என்று நெருக்கி, இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறார்களாம். என்ன பதற்றமோ! மாதம் ஒரு தேதி, அந்தத் தேதியில் அரை மணி நேரம் வாய்க்கிற பாக்கியசாலிக்கு 14 மணி நேரம் சேர 28 மாதம் ஆகும். 25 மணி நேரம் சேர 50 மாதம். அந்த அரை மணியில் அழுகையை அமர்த்தவும், காலிபரைக் கழற்றி மாட்டவும் போகிற நேரத்தை நான் கழிக்கவில்லை. புகழ வந்த இடத்தில் கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை.

பொறுக்க முடியாதவர்களுக்குப் பெருநகரத்தில் மூன்று வாரத் தீவிரப் பயிற்சி காசுக்குக் கிடைக்கிறது. சோவியத் விண்வெளி வீரர்களின் தசை கரையாமலிருக்கச் செய்த உடையின் வழிவந்த, ரப்பர் நாடா இழுத்துக் கட்டிய உடுப்பும் சில இடங்களில் உண்டு. பலன் உடுப்பாலா, பயிற்சி நேரத்தாலா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள். கொல்லையை அடகு வைத்து வந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் கட்டுப்படியாகாது.

ஆனால் இலவசமாகத் தீவிரப் பயிற்சியே இல்லை என்பது அவதூறு. மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துச் செஞ்சிக்கு வந்து, பஸ் மாறி விழுப்புரத்தில் இறங்கி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு மறுபடி ஏறுகிற அம்மாவைப் பாருங்கள். பிள்ளையின் கால்கள் கத்தரிக்கோலாய்ப் பின்னி விறைத்திருக்கும். பஸ் படி முழங்கால் உயரம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கம்பி, தோளில் சான்றிதழ் பை. இடுப்பு, முதுகு, தோள்பட்டை என்று ஒரு தசை மிச்சமில்லாமல் அவளுக்கு வேலை நடக்கிறது, நாள் முழுக்க, காத்திருக்கும் நேரம் உட்பட. மல்லாட்டை பிடுங்குகிற பருவமாக இருந்தால் அன்றைய கூலியை மட்டும் கட்டணமாகக் கழித்துக்கொள்வார்கள். சிகிச்சை ஆள் மாறி நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், மருத்துவ வசதி அருகிலேயே, அதுவும் கிராமப்புறத்தில் கிடைக்க வேண்டும் என்கிறது. எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி யாரையும் சங்கடப்படுத்தவில்லை. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத் திட்டம், ஒன்றியத்துக்கு ஒரு பிசியோவை வீட்டுக்கே அனுப்புகிறது. இந்த மாவட்டத்தில் ஒன்றியங்கள் 13. பக்கவாதத்தில் படுத்த பெரியவர்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, பொழுதும் பெட்ரோலும் மிச்சமிருந்தால் பிள்ளைகளிடமும் வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒற்றை ஆளாக அனுப்பினவர்களின் நம்பிக்கைதான் மலைக்க வைக்கிறது.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்று ஒன்று இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. உள்ளூர் ஆட்களைப் பழக்கி வீட்டுக்கே அனுப்பி, திண்ணையிலும் அடுப்படியிலும் வைத்துப் பெற்றோருக்கே பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிபுணர்கள் செல்போன் செயலி வழியாகக் கவனித்துத் திருத்துகிறார்கள். பந்தல் இல்லை, மேடை இல்லை, மைக் இல்லை. இதை இங்கேயும் கொண்டுவந்தால் திறந்துவைக்க வருகிறவர் எங்கே நின்று பேசுவார்?

பிள்ளைகளின் வருமானத்தில் அரசாங்கத்துக்குள்ள அக்கறையையும் சொல்லியாக வேண்டும். கடும் பாதிப்பு, 75 விழுக்காடு என்று எழுதியிருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியில்தான் 1,500இலிருந்து ஏறியது. பயிற்சி பலித்து, பிள்ளை சுவரைப் பிடித்து நாலடி வைத்துவிட்டால், அடுத்த பரிசோதனையில் விழுக்காடு இறங்கலாம், பணமும் நின்றுபோகலாம். அந்த ஆபத்து ஒரு பிள்ளைக்கும் வந்துவிடாதபடி எல்லா அலுவலகங்களும் ஒற்றுமையாகப் பார்த்துக்கொள்கின்றன.