தூக்கிவிட நாலு பேர்

சென்னையில் சக்கர நாற்காலிக்காரருக்கு ஒன்றுக்கு மட்டும் பஞ்சமில்லை: தூக்கிவிட ஆள். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முதல் மாடியில், பந்தி கீழ்த்தளத்தில். லிஃப்டில் சாம்பார் அண்டா போய்க்கொண்டிருக்கும். உடனே மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டுவார். "டேய், நாலு பேர் வாங்கடா!" நமக்கு அந்த நாலு பேர் கடைசியில் ஒரே ஒரு முறைதான் வருவார்கள். இவருக்குப் பாயசம் குடிக்கவே வந்துவிடுகிறார்கள். தூக்குகிறவர்களில் ஒருவர் மூச்சு வாங்கியபடியே சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பார். வீடியோக்காரர் விளக்கை இந்தப் பக்கம் திருப்புவார். இப்படி ஓரிரண்டு கல்யாணம் பார்த்தவர், அடுத்த மொய்யை ஜிபேயில் அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார். "பாவம், யாரோடும் ஒட்டவே மாட்டேங்கிறான்" என்று சொந்தபந்தம் குறைப்பட்டுக்கொள்கிறது. எந்த வழியாக வந்து ஒட்டுவது, மகாஜனங்களே?

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, சாய்தளமும் மற்ற வசதிகளும் இல்லாத கட்டடத்துக்கு முடிவுச் சான்றிதழே தரக் கூடாது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த 2017இலிருந்து ஐந்தாண்டு கெடு. அது 2022இலேயே முடிந்தது. படிக்கட்டுகளுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி 2005இல் தொடுத்த வழக்கில், சட்டம் கட்டாயமாக்கியதை விதி வெறும் வழிகாட்டுதலாக்கிவிட்டது, அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில். பத்தொன்பது வருஷம்!

சாய்தளம் வைத்தவர்கள் மட்டும் யோக்கியமா? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் கான்ட்ராக்டர் மூன்றடியில் முடித்து, வழவழவென்று டைல்ஸும் ஒட்டிவிடுகிறார். ஏறுபவருக்கு மோட்சம், இறங்குபவருக்கு ஆஸ்பத்திரி. அடிவாரத்தில் மேலாளரின் புல்லட் நிற்கும். நடைபாதையில் பைக்கைத் தடுக்க எஃகுத் தூண் நட்டார்கள். பைக் நெளிந்து நுழைந்து போகிறது. சக்கர நாற்காலிதான் சிக்குகிறது.

மெரினாவைச் சொல்லாவிட்டால் ஆட்சியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஐ ஒட்டிச் சில நாள் தற்காலிகப் பாதை போடுவார்கள். மற்ற நாளெல்லாம் கடலுக்கு விடுமுறை. 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறந்தார்கள், 263 மீட்டர். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைப் பதம்பார்த்தது, பிறகு சரிசெய்தார்கள். நல்ல காரியம்தான், வயிற்றெரிச்சல் இல்லாமலே சொல்கிறேன். அங்கே போனவர்கள் மனு கொடுக்கவில்லை, உதவித்தொகை கேட்கவில்லை. சுண்டல் தின்றார்கள், ஊர்வம்பு பேசினார்கள், அலையைப் பார்த்தபடி வெட்டியாக உட்கார்ந்திருந்தார்கள். சிநேகம் அப்படித்தானே முளைக்கும்? தெருமுனை டீக்கடையில் நமக்குக் கிடைப்பதும் அதுதான். அந்த டீக்கடைக்கு முன்னால் சாக்கடை மூடிக் கல் ஒன்றரை அடி தூக்கி நிற்கிறது.

அதனாலென்ன? அம்பத்தூர்க்காரர் நண்பரோடு டீ குடிக்க நினைத்தால் மெரினாவுக்கு வரட்டும். நண்பரையும் கூட்டிவரட்டும், பேருந்தில் ஏற முடிந்தால்.