‘லாயின்-லாயின்’ கட்டத்திலிருந்து ஒரு மேல்முறையீடு

பெறுநர்: ஊடக அட்டைப் பிரிவு அதிகாரி அவர்கள், கணினி விளையாட்டு உருவாக்கக் கண்காட்சி.

பொருள்: கேமரன் மலைத் தோட்டத்து நிருபருக்கு ஊடக அட்டை மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

கண்காட்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதாததால் குறையும் இல்லை. ஊடக அட்டைக்கான படிவம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கோலாலம்பூரில் எம்டெக் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் லெவல் அப் கேஎல் என்ற கேம் நிகழ்ச்சி சிலருக்கு நினைவுக்கு வரலாம். இந்தக் கடிதம் அந்த நிறுவனத்தாருக்கு எழுதியதல்ல. அவர்கள் படித்தால் தடையும் இல்லை.

மேற்படி விண்ணப்பதாரர் பகாங் மாநிலம் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருப்பவர். பகலில் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. இரவில் கேம் விளையாடி, விளையாடியதைப் பற்றித் தமிழில் எழுதுகிறார். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. தங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்த பதில் இரண்டே வரி. முதல் வரி அவருடைய ஆர்வத்துக்கு நன்றி சொன்னது. இரண்டாவது வரி, அவருடைய வீச்சு இவ்வாண்டு இலக்குக்குப் பொருந்தவில்லை என்றது. வருத்தம் தெரிவிக்க மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது போகட்டும்.

இலக்கு எது என்பதில்தான் சந்தேகம்.

படிவத்தை அவர் மரியாதையோடுதான் நிரப்பினார். மாதத்துக்கு எத்தனை வாசகர், முகநூலில் எத்தனை பேர், யூடியூபில் எத்தனை பேர், டிக்டாக்கில் எத்தனை பேர் என்று அடுக்கடுக்காகக் கட்டங்கள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். எழுதிய கட்டுரையை இணைக்க ஒரே ஒரு கட்டம். அதில் மட்டும் நட்சத்திரம் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கட்டாயப் பாடம். என்ன எழுதினார் என்பது விருப்பப் பாடம். மொழி என்ற இடத்தில் ஆங்கிலம், மலாய், மாண்டரின், ஜப்பானியம் எல்லாம் வரிசையாக நின்றன. தமிழ் ‘மற்றவை’க்குள் போனது. மலேசியாவில் பிறந்து, அரசாங்கப் பாரங்களை நிரப்பியே வளர்ந்தவருக்கு அது பழகிய வீடுதான். ‘மற்றவை’க்கு மலாயில் ‘லாயின்-லாயின்’ என்று பெயர். அந்தக் கட்டம் இந்த நாட்டில் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

பத்திரிகை ஆசிரியர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றும் கேட்டிருந்தீர்கள். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றுபோனது. ஆசிரியர் கடிதம் கேட்கிறவர்கள், ஆசிரியர்கள் எங்கே போனார்கள் என்றும் இடையிடையே விசாரித்துக்கொண்டால் நல்லது.

எண்ணிக்கையே கூடாது என்று விண்ணப்பதாரர் வாதிடவில்லை. எண்ணிக்கைதான் அவருடைய பிழைப்பு. கொய்த தேயிலை மூட்டையாக வந்ததும் தராசில் ஏற்றி, எடையைப் பேரேட்டில் பதிவது அவர் வேலை. மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு போடவேண்டும். முற்றிய இலையும் காம்பும் கலந்திருக்கிறதா என்று மூட்டையைப் பிரித்துக் கை விட்டுப் பார்க்கவேண்டும். தங்கள் தராசில் கழிவு என்ற ஏற்பாடே காணோம். காசு கொடுத்து வாங்கிய பின்தொடர்வோரும் அங்கே முழு எடைக்குப் போகிறார்கள். 2018 ஜூலையில் ட்விட்டர், முடக்கிவைத்திருந்த கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கியபோது, உலகப் பிரபலங்கள் சிலர் ஒரே மூச்சில் லட்சக்கணக்கான ரசிகர்களை இழந்தார்கள். ரசிகர்களில் யாரும் அழுததாகச் செய்தி இல்லை.

வீச்சுள்ள ஊடகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இந்தத் தொழிலிலேயே சான்று இருக்கிறது. 2012இல் பிரிட்டனில் கேம்ஸ் மீடியா அவார்ட்ஸ் என்று ஒரு விழா. கேம் பற்றி எழுதும் நிருபர்களுக்கான விருது விழா அது. அங்கே ஒரு போட்டி: டிஃபையன்ஸ் என்ற கேமின் ஹாஷ்டேக்கைப் போட்டு ட்வீட் செய்தால் பிளேஸ்டேஷன் 3 பரிசு. நிருபர்கள் சிலர் உற்சாகமாகப் போட்டார்கள். இதென்ன வழக்கம் என்று ராப் ஃபுளோரன்ஸ் என்பவர் யூரோகேமர் இணையத்தளத்தில் கேட்டு எழுதினார். சட்ட நடவடிக்கை பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய பத்தி திருத்தப்பட்டது. அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். கேள்வி கேட்டவர் வெளியே, ஹாஷ்டேக் போட்டவர்கள் உள்ளே. அன்றைக்கும் இரு தரப்பாரிடமும் ஊடக அட்டை இருந்திருக்கும்.

கதவைச் சாத்திப் பார்த்தவர்களும் தங்களுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். 1995இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய இ3, கேம் உலகத்தின் திருவிழாவாக இருந்தது. 2006இல் ஏறத்தாழ 60,000 பேர் வந்து குவிந்தார்கள். கண்ட கண்ட ஆட்கள் எல்லாம் நுழைந்துவிடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு எழ, மறு ஆண்டு சாண்டா மோனிகாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். களை போய்விட்டது. 2009இல் பழைய பெருங்கூட்டத்துக்கே திரும்பினார்கள். 2017இல் பொதுமக்களுக்கு 15,000 நுழைவுச்சீட்டு விற்கும் நிலைக்கும் வந்தார்கள். 2019இல் நடந்தது இன்னும் சுவையானது. ஊடகத்தார் என்று பதிவு செய்திருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அடங்கிய பட்டியல் இ3 இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடந்தது. பத்திரிகையாளர்களை அவ்வளவு அக்கறையாகச் சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள், தேர்ந்தெடுத்தவர்களின் வீட்டு வாசலை ஊருக்கே காட்டிக்கொடுத்தார்கள். அவ்வாண்டு அட்டை மறுக்கப்பட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2023 டிசம்பர் 12 அன்று இ3 நிரந்தரமாக மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

இதற்கு மாறாக, இன்று சான் பிரான்சிஸ்கோவில் பெரிய அளவில் நடக்கும், கேம் உருவாக்குநர்களுக்கான ஜிடிசி மாநாடு 1988இல் எங்கே தொடங்கியது தெரியுமா? கிரிஸ் கிராஃபோர்ட் என்ற கேம் வடிவமைப்பாளரின் வீட்டுக் கூடத்தில், முப்பதுக்கும் குறைவான ஆட்களோடு. தங்கள் படிவத்தில் அந்தக் கூட்டத்தின் வீச்சை எழுதிப் பார்த்தால் அதற்கும் இரண்டு வரிப் பதில்தான் போயிருக்கும்.

நேரில் வராமல் நேரலையில் பார்க்கலாமே என்று தங்கள் தரப்பில் யாராவது நினைக்கக்கூடும். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் சிக்னல் பனிமூட்டம் மாதிரி, வரும், போகும். அது சரியானாலும் பயனில்லை. கேமைக் கையில் பிடித்து விளையாடிப் பார்ப்பதுதான் கண்காட்சி. மேடையில் முதலாளி கைதட்டல் வாங்குவதைப் பார்க்க ஒருவர் தாப்பா வரைக்கும் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கமாட்டார்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து குறித்துவிட்டுப் போன மலை இது. 1929இல் ஜே.ஏ.ரஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933 முதல் பாரத் தோட்டமும் இருக்கிறது. காட்டை வெட்டியும், செடி நட்டும், கொழுந்து கிள்ளியும் இந்தச் சரிவுகளைப் பச்சையாக்கியவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். இப்போது இலை வெட்டுவது பெரும்பாலும் இயந்திரமும் கத்தரியும். அவற்றைப் பிடித்திருப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் படித்து மலையிறங்கி நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். விண்ணப்பதாரர் எழுதுவதைப் படிக்கிறவர்கள் அவர்கள். எண்ணிக்கை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள், அதாவது படிக்கிறார்கள்.

விண்ணப்பதாரர் உள்ளே வந்தால் என்ன செய்வார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். இலவச டி-சட்டை வாங்கமாட்டார். (வாங்குவார், மலைக் குளிருக்கு அது தாங்காது என்பதால் தம்பிக்குக் கொடுத்துவிடுவார்.) இந்நாட்டுக் கைகளின் வேலையைத் தேடிப் போவார். ஸ்குவேர் எனிக்ஸில் ஃபைனல் ஃபேன்டசி 15க்கு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய வான் ஹஸ்மர், மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி 2020இல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் வெளியிட்டார். 2023இல் உலகமே கொண்டாடிய பால்டர்ஸ் கேட் 3ஐ உருவாக்கிய லேரியனுக்குக் கோலாலம்பூரில் ஒரு கிளை உண்டு. இப்படிப்பட்ட அரங்குகளிலும், கேம் இயந்திர மென்பொருள் காட்டும் அரங்குகளிலும் நின்று, ஒரே ஒரு சொல்லைத் திரையில் எழுதிக் காட்டச் சொல்வார். தேயிலை.

எளிய சொல்தான். ஆனால் கணினிக்குள் ‘த’ முதலில் சேமிக்கப்படுகிறது, ஏகாரக் குறி அதற்குப் பின்னால். திரைக்கு வரும்போது இரட்டைக் கொம்பு முன்னால் போய் நிற்கவேண்டும். கடைசி எழுத்திலும் இதே கதை: சங்கிலிக் கொம்பு ‘ல’வுக்கு முன்னே வந்தாகவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய, எழுத்துகளைக் கோத்துத் தரும் நிரல் ஒன்று தேவை. ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் அதை ஒழுங்காகச் செய்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை நம்பித்தான் தமிழைக் காட்டுகின்றன. கேம் உலகம் மட்டும் மெதுவாக நடந்தது. சிறு நிறுவனங்கள் பெரிதும் நாடும் யூனிட்டி என்ற கேம் இயந்திரத்தில், டெக்ஸ்ட்மெஷ்புரோ என்ற எழுத்துக் கருவி நெடுங்காலம் சேமித்த வரிசையிலேயே எழுத்தைக் கொட்டியது. கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டன. கோடோ என்ற இன்னொரு இயந்திரம் 2023 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பில்தான் இதற்கு உருப்படியாக வழி செய்தது. அதுவரை தமிழ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் சொற்களைப் படமாக வரைந்து ஒட்டினார்கள், அல்லது யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருக்களைப் பரணிலிருந்து இறக்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணினித் தமிழுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் மலேசியர். முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை 1985இல் உருவாக்கினார். 2005 பொங்கலுக்குச் செல்லினம் என்ற அவருடைய செயலி கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. தாத்தா பேரனுக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் திட்டு அனுப்புகிற காலத்தில், பேரன் விளையாடும் கேமில் ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை ஒழுங்காக நிற்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? இந்தக் கேள்வியைப் பெரிய வீச்சுள்ள எந்த ஊடகமும் தங்கள் அரங்கில் கேட்கப்போவதில்லை. கேட்கத் தெரியாததால் அல்ல. அவர்கள் பெயரை எழுதும்போது கொம்பு இடம் மாறுவதில்லை.

தமிழுக்கு இந்தத் தொழிலில் சந்தை இல்லை என்று சொல்லியும் தப்பமுடியாது. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெண்பா என்ற கேமை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்து அழிந்த ஒரு சமையல் குறிப்பேடு, கைவிட்டுப் போகிற மகன். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே முதல் புதிர். விண்ணப்பதாரரின் அத்தை வாழ்நாளில் கேம் விளையாடியதில்லை; தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அதைத் தீர்த்துவிட்டு, “இதைப் போயா விளையாட்டுங்கிறே?” என்று கேட்டார். அதே கேம் 2024 மார்ச்சில் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசையும், ஏப்ரலில் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வென்றது. மேடையில் தமிழ்ச் சமையலறை ஏறிவிட்டது. ஊடக முகப்பில் தமிழ் இன்னும் ‘மற்றவை’யில் வரிசை நிற்கிறது.

ஆகவே விண்ணப்பதாரரின் கோரிக்கை சிறியது. படிவத்தில் எதையும் எடுக்கவேண்டாம். கட்டுரை இணைக்கும் கட்டத்துக்கும் ஒரு சிவப்பு நட்சத்திரம் போடுங்கள். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் சேர்த்து, ‘உள்ளே வந்தால் யாரிடம் என்ன கேட்பீர்கள்?’ என்று விசாரியுங்கள். அந்தக் கட்டத்தில் வீச்சுள்ளவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் படிக்கத் தங்களுக்கே ஆவலாக இருக்கும். மொழி வரிசையில் தமிழை ஏற்றுவதும் ஏற்றாததும் தங்கள் விருப்பம். ஏற்றினால் கொம்பு எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மேற்படி விண்ணப்பதாரருக்காக,
அவர் எழுதுவதைப் படிக்கிற ‘மற்றவர்கள்’.

இணைப்பு: தமிழில் எழுதிய கேம் விமர்சனங்கள். அடையாள அட்டை நகல். ‘தேயிலை’ என்ற சொல் சரியாகத் தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று, தவறாகத் தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று. எது எது என்று எழுதி ஒட்டவில்லை. அலுவலகத்தில் யாருக்காவது தெரிகிறதா என்று பார்த்து, பதிலின் மூன்றாவது வரியில் குறிப்பிடவும்.