பன்னிரண்டு காம்பரா

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டடி. மூன்று பேர் இருந்தாலும் அதே அளவு, ஒன்பது பேர் இருந்தாலும் அதே அளவு. வாசலில் கான் ஓடும். சுவரை ஒரு சாண் நகர்த்தத் தொரைக்குக்கூட அதிகாரமில்லை என்று அப்பாயி சொல்லும்.

அப்பாயிக்கு அடையாள அட்டை எடுக்க மாத்தளை டவுனுக்குப் போனது எண்பதுகளின் கடைசியில். 1948இல் பிரஜாவுரிமை போனதிலிருந்து எங்கள் ஆட்கள் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு லயமே கட்டலாம். நிரப்பிக் கொடுக்க மரத்தடியில் ஒரு பெரியவர் சிறு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, காதில் பென்சில். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று அச்சடித்த தாள். மை தொடுமுன் கட்டங்களின் மேலே பென்சிலால் புள்ளி வைத்து எண்ணிப் பார்ப்பார். ‘கோ’ வந்தால் கொம்புக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டமா, எல்லாம் சேர்த்து ஒன்றா? அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் கிடையாது. ஒன்றுதான் என்று அவராகவே தீர்மானித்து, மூன்றையும் நெருக்கி உள்ளே தள்ளினார்.

அடுத்தது குடும்பப் பெயர். அப்பாயிக்கு அப்பா பெயர் உண்டு, புருஷன் பெயர் உண்டு. குடும்பப் பெயர் ஏது? பெரியவர் யோசிக்கவேயில்லை. அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். “லைன்ல இருக்கிறவங்களுக்கு ஒரு லைன் போதும்” என்றார். அப்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது.

இருபத்தைந்து வருஷம் கழித்துக் கொழும்பில் என்னையும் படிவம் செய்ய உட்காரவைத்தார்கள், சம்பளத்தோடு. ட்விட்டரில் வேலை பார்த்த மார்க் ஒட்டோவும் ஜேக்கப் தோர்ன்டனும் 2011 ஆகஸ்டில் வெளியிட்ட பூட்ஸ்ட்ராப்தான் கருவி. அது இணையப் பக்கத்தின் அகலத்தைப் பன்னிரண்டு கொலமாகப் பிரிக்கும். தலைப்புக்கு இரண்டு, நிரப்பும் பெட்டிக்குப் பத்து என்று பங்கு வைக்கலாம். கொலத்தைச் சுருக்கி ‘கொல்’ என்று எழுத வேண்டும். தமிழில் வாசித்தால் கொஞ்சம் பயம்தான். கொலங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்குப் பெயர் ‘கட்டர்’. அதாவது கான். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நான் பிறந்த வீட்டுக்கு வந்தவன்போல உட்கார்ந்திருந்தேன்.

மிதப்பு ஒரு பின்னேரம்தான் நின்றது. ஒரு பெட்டியைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. என்ன செய்தும் சுருங்கவில்லை. விஷயம் இதுதான்: ‘ஃபோம்-கன்ட்ரோல்’ என்று பெயர் சூட்டிய பெட்டிக்குச் சொந்த அகலம் கிடையாது. தான் இருக்கும் காம்பராவை நூறு வீதமும் நிரப்பிக்கொள்ளும். பெட்டியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, சுவரைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தினேன். தொரைக்கு இல்லாத அதிகாரம்!

மூன்றாம் பதிப்பில் ‘ஃபோம்-ஹொரிசொன்டல்’ என்று ஒரு சொல் போட்டால் தலைப்பும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. 2018இல் நான்காவது வந்தது, அந்தச் சொல் போயிற்று. புதிதாக வந்த ‘ஃபோம்-ரோ’வில் கான் முப்பது பிக்சலிலிருந்து பத்தாகக் குறுகியிருந்தது. 2021இல் ஐந்தாவது வந்து அதையும் ‘ஃபோம்-குரூப்’பையும் சேர்த்து இடித்தது. 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோதும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோதும் எங்களுக்குப் பெயர்ப்பலகைதான் மாறியது, காம்பரா அப்படியே இருந்தது. இங்கே பலகை அதே பலகை, காலையில் எழுந்தால் சுவரைக் காணோம்.

தலைப்புக்கு ஒதுக்கிய இரண்டு கொலமும் ஆங்கிலக்காரர்களின் கணக்கு. ‘நேம்’ அதில் காலை நீட்டிப் படுக்கும். ‘முதலெழுத்துகளுடனான பெயர்’ மூன்று வரியாக மடிந்து விழும். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தலைப்பில் வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரியவரின் ‘கோ’ பிரச்சினையும் தீர்ந்துவிடவில்லை. உலாவி ககரத்தை ஒன்றாகவும் அதன் ஓகாரத்தை ஒன்றாகவும் எண்ணி, இரண்டு என்கிறது. முத்துலெட்சுமி நமக்கு ஏழு எழுத்து, அதற்குப் பதினான்கு. பெட்டிக்குப் பத்து என்று எல்லை வைத்தால் ‘முத்துலெட்’டோடு வாயை மூடிக்கொள்ளும். நெருக்கி உள்ளே தள்ள மரத்தடியில் ஆளும் இல்லை.

போன வருஷம் நான் செய்த படிவமொன்றை அம்மா போனில் நிரப்பினார். சின்னத் திரை என்பதால் தலைப்புகள் பெட்டிகளின் தலைமேல் ஏறி ஒழுங்காக நின்றன. அதில் எனக்குப் பெருமை. பத்து நிமிஷத்தில் அழைப்பு வந்தது.

“தம்பி, ஒரு பொட்டி மட்டும் செவப்பா நிக்குது. என்னா செய்ய?”

“எந்தப் பொட்டிம்மா?”

“குடும்பப் பேராம்.”

கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அதற்குக் கட்டளை போட்டவன் நான்தான். வாடிக்கையாளர் கேட்டார், போட்டேன்.

“ஒரு கோடு போடுங்கம்மா.”

“கோடு எங்க இருக்குன்னு தெரியலையே. புள்ளி இருக்கு.”

“சரி, புள்ளி போடுங்க.”

“ஆ, பச்சையாயிருச்சு” என்றார் அம்மா.