தண்ணிக்குப் பிரச்சினையே இல்ல சார்

சென்னை வீட்டு புரோக்கர் பொய் சொல்ல மாட்டார். வாடகைக்குக் குடியிருக்கும் ஒருத்தரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். ஐந்து வீடு மாறி, ஐந்து முறை கமிஷன் அழுதவன் என்கிற தகுதியில் சொல்கிறேன். நாம் கேட்ட கேள்வியை நாசூக்காக ஓரங்கட்டிவிட்டு, அதற்குப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்வார். அந்தப் பதில் அப்பழுக்கில்லாத உண்மையாக இருக்கும்.

இது எனக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது. 2010-இல், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் எட்டு மாதம் மூட்டைப்பூச்சிகளுக்குச் சாப்பாடு போட்ட பிறகு, தனி வீடு எடுப்பது என்று முடிவெடுத்து வேளச்சேரியில் போய் இறங்கினேன். டூ-லெட் போர்டைத் தேடித் தெருத்தெருவாக நடந்ததில் செருப்புத்தான் தேய்ந்தது. கடைசியில் வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரித்தேன். புதிதாக வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இன்றைக்கும் அதுதான். எந்த வீட்டிலிருந்து துணி வருவது நின்றது, எந்த வீட்டுப் பையன் திடீரென்று முழுக்கைச் சட்டைக்கு மாறினான், எந்த வீட்டில் புருஷன் துணி மட்டும் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கரி போட்டு விசிறிக்கொண்டே, "ஒருத்தர் வருவாரு, நில்லுங்க" என்றார்.

வந்தவர்தான் நம் கதாநாயகர். டிவிஎஸ் எக்ஸெல். ஹேண்டில்பாரில் ஒரு ரெக்ஸின் பை. சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் போட்ட டைரி, மூடி இல்லாத பேனா, அந்த மூடியின்மைக்குச் சாட்சியாக ஒரு நீலக்கறை. விசிட்டிங் கார்டு கொடுத்தார். 'வீடு, மனை, கடை: வாங்க, விற்க, வாடகை, போக்கியம்' என்று போட்டிருந்தது. பின்பக்கம் திருப்பினால் 'மணமகன், மணமகள் தகவல்கள்'. இடம் கொடுப்பவரிடமும் பெண் கொடுப்பவரிடமும் ஒரே மாதிரிதான் பேச வேண்டும் என்பதால் இரண்டையும் ஒருவரே பார்ப்பதில் தப்பில்லை.

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "பேமிலியா, பேச்சிலரா?"

"பேச்சிலர்."

அம்மை போட்ட வீட்டு வாசலில் நிற்பதுபோல் ஓர் அடி பின்னால் போனார். பிறகு தொழில்தர்மம் உந்த, ஏறிக்கொள்ளச் சொன்னார்.

அன்றைக்கு மூன்று வீடு காட்டினார். மூன்று, எப்போதும் மூன்றுதான். முதல் வீட்டில் சமையலறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்து உள்ளே போகலாம், நிமிர்ந்து சமைக்க முடியாது. இரண்டாவது வீட்டில் படுக்கையறைக்குள் கட்டில் போகும், அப்புறம் கதவு சாத்தாது. இதையெல்லாம் பார்த்துவிட்டு மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்தபோது அரண்மனைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. முதல் மாடி, சிங்கிள் பெட்ரூம், வாடகை 5,500. நேராக இங்கேயே கூட்டிவந்திருந்தால் நான் சுவரில் இருந்த ஓதத்தைப் பார்த்திருப்பேன். மாடிப்படிக்குக் கீழே குனிந்துவிட்டு வந்தவனுக்கு ஓதம்கூட ஓவியமாகத் தெரிந்தது.

ஆனாலும் உஷாராக இருக்க வேண்டும் என்று அப்பா போனில் சொல்லியிருந்ததால் கேள்விகளை எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

"ரயில்வே ஸ்டேஷன் எவ்ளோ தூரம்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

அஞ்சு நிமிஷம்தான். அவருடைய எக்ஸெல்லில், ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையாக, ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வாசலில் புகுந்து பின்வாசலில் வெளியே வந்தால். முகூர்த்த நாளில் அந்த வழியும் அடைப்பு.

"காத்து வருமா?"

ஜன்னலைத் திறந்தார். எதிர்வீட்டுச் சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றடி தூரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. காற்று வந்தது. கத்தரிக்காய் சாம்பார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

"கரண்டுக்குத் தனி மீட்டரா?"

"தனி மீட்டர் சார்."

இதில்தான் நான் ஏமாந்தேன். தனி மீட்டர் என்பது உண்மை. மாட்டியவர் மின்வாரியமில்லை, ஓனர். மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். யூனிட்டுக்கு ஓனர் வைத்ததுதான் விலை. 2016-இல் அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தபோது அப்படிப்பட்ட வீடுகளில் அந்தச் சலுகை மாடிப்படி ஏறவில்லை; கீழ்த்தளத்தில் ஓனர் வீட்டோடு நின்றுவிட்டது. ஆகவே புதியவர்களே, 'தனி மீட்டரா' என்று கேட்காதீர்கள். 'இபி கார்டு தனியா, அதைக் காட்டுங்க' என்று கேளுங்கள்.

"மழைக்குத் தண்ணி நிக்குமா?"

"மாடியில எப்படி சார் நிக்கும்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். 2015 டிசம்பரில் வேளச்சேரி மிதந்தபோது, தரைத்தளத்து ஓனர் குடும்பம் ஆறு பேரும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு என் சிங்கிள் பெட்ரூமுக்கு ஏறிவந்து மூன்று நாள் தங்கினார்கள். அவர் சொன்னது சரி. மாடியில் தண்ணீர் நிற்கவில்லை, ஆட்கள்தான் நின்றார்கள்.

இனி ஓனரம்மா. வீடு பார்ப்பது வெறும் எழுத்துத் தேர்வு. ஓனரம்மாவைப் பார்ப்பதுதான் நேர்முகம். கீழே இறங்கும்போது படியிலேயே என்னை நிறுத்தி, புரோக்கர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அடுத்த தை மாசம் கல்யாணம்னு சொல்லிடுங்க."

"யாருக்கு?"

"யாருக்காவது நடக்கும்ல சார், தை மாசம்."

ஓனரம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே கேள்விகள் வந்தன. எந்த ஊர், எங்கே வேலை, ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய், சிநேகிதர்கள் உண்டா, இருந்தால் அவர்களுக்கு வேறு வீடு உண்டா. 'கல்யாணம்?' என்று அவர் கேட்டதும் நான் வாயைத் திறக்குமுன் புரோக்கர், "தை மாசம்மா" என்றார். வெறும் மாதத்தின் பெயரைத்தான் சொன்னார். அதில் பொய் எங்கே இருக்கிறது? ஓனரம்மா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து மோர் கொடுத்தார். அதன்பின் வந்த மூன்று தை மாதங்களும் நான் பட்ட பாடு தனிக் கதை. "என்னப்பா, பொண்ணு வீட்டுல இன்னும் சம்மதிக்கலையா?" என்று பொங்கல் பாத்திரத்தோடு மேலே வருவார். இல்லாத பெண்ணின் வீட்டார்மேல் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

புரோக்கர் கேட்கும் கேள்விகளில் சிரிப்பு வராதவையும் உண்டு. 'சாப்பாடெல்லாம் எப்படி சார்?' என்பார். 'சொந்த ஊர் எது?' என்பார். ஊரைச் சொன்னால், 'ஊர்ல எந்தத் தெரு?' என்பார். அவருக்கு வேண்டியது பின்கோடு இல்லை. இரண்டு வருஷம் கழித்து, அலுவலக நண்பன் ஒருவனை அவரிடம் அழைத்துப்போனேன். பெயரைக் கேட்டார். டைரியைத் திறக்காமலே, "அந்த வீடு போயிடுச்சு சார்" என்றார். வழியில் பார்த்தால் டூ-லெட் போர்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நண்பன் முஸ்லிம். அவர் நேரடியாகப் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அப்போது மட்டும் அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அட்வான்ஸுக்கு வருவோம். சென்னையில் பத்து மாத வாடகை என்பது யாரும் எழுதிவைக்காத வேதம். என் சம்பளம் 14,000, அட்வான்ஸ் 55,000. "குறைக்க முடியாதா அண்ணே?" என்று கேட்டேன். "எங்க சார் போகப் போகுது, உங்க காசுதானே" என்றார். என் காசுதான், உண்மை. காலி பண்ணும்போது அதிலிருந்து பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொண்டார்கள். ஓதத்தின்மேல் அடித்த அந்தப் பெயின்ட் அடுத்து வந்தவருக்கு ஓவியமாகத் தெரிந்திருக்கும்.

அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்கு. ஏன் பதினொன்று என்று அவரைக் கேட்டால், "அதான் சார் வழக்கம்" என்பார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைச் சுற்றிக்கொண்டு ஓட நம்மவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதைதான் பதினோரு மாதம். இப்போது அதற்கும் ஒரு கேட் போட்டாயிற்று. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதும் கூடாது என்கிறது. ஆனால் 'வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய' என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர் ஒரு காலத்தில் புரோக்கராக இருந்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

போக்கியம் பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்பது ஏற்பாடு. 'வீட்டு மேல வில்லங்கம் ஏதாவது?' என்று கேட்டால், "ஓனர் தங்கமான மனுஷன் சார்" என்பார். தங்கத்தையும் அடகு வைப்பார்கள். வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் கைநீட்டிக் கொடுக்காதீர்கள்.

ஆடியும் மார்கழியும் அவருக்கு இலையுதிர்காலம். அந்த மாதங்களில் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போன் போட்டு நலம் விசாரிப்பார். நாள் நட்சத்திரம் பார்க்காதவர்கள் அப்போது போனால் ஐநூறோ ஆயிரமோ குறையும். அப்படி ஓர் ஆடி மாதத்தில் அவர் பக்கத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். யாரிடமோ போனில், "சீக்கிரம் சொல்லுங்க சார், இன்னொரு பார்ட்டி பக்கத்துலயே இருக்காரு, ஐடி பார்ட்டி" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் பார்ட்டிதான், பக்கத்தில்தான் இருந்தேன். 'அந்த வீட்டைக் கேட்கிறாரா?' என்று மறுமுனையில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்பாவி மனிதருக்கு எப்படித் தோன்றும்? 2010-இல் என்னை அவசரப்படுத்திய அந்த 'இன்னொரு பார்ட்டி' யாராக இருந்திருப்பார் என்று யோசித்தபடி டீக்காசையும் நானே கொடுத்தேன்.

போன மாதம் என் அக்கா மகன் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தான். "மாமா, இப்பல்லாம் புரோக்கரே கிடையாது. ஆப்ல நேரா ஓனர்கிட்டயே பேசலாம்" என்றான். பேசினான். மடிப்பாக்கத்தில் டபுள் பெட்ரூம், படமெல்லாம் பளிச். துணைக்குப் போனேன். கேட்டைத் திறந்தவரின் சட்டைப் பையில் அதே நீலக்கறை. எக்ஸெல் மட்டும் ஸ்கூட்டராகியிருந்தது, தலை நரைத்திருந்தது.

"சார்! நீங்களா! தம்பி உங்க பையனா?"

மருமகன் விறைத்துக்கொண்டான். "புரோக்கர் இல்லைன்னுதானே ஆப்ல போட்டிருந்துச்சு அங்கிள்?"

"இப்பல்லாம் யாரு தம்பி புரோக்கர் வெச்சுக்கறாங்க? நான் ஓனருக்கு வேண்டப்பட்டவன். ஓனர் அமெரிக்காவுல இருக்காரு."

"அப்ப கமிஷன் கிடையாது?"

"கமிஷனே கிடையாது. சர்வீஸ் சார்ஜ், ஒரு மாச வாடகை."

மேலே போனோம். மருமகன் வைஃபை, லிஃப்ட், டெலிவரி பையன்கள் உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டே போனான். அவரும் எல்லாவற்றுக்கும் பக்கத்துப் போர்ஷன் பதில்களாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் இந்த முறை எதுவும் கேட்பதில்லை என்று முடிவெடுத்து, நேராகச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தேன். உள்ளே யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு ஒரு மூச்சு காற்று. பிறகு ஒன்றுமில்லை.

மூன்று பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருமகன் என்னைப் பார்த்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து, குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாசத்தோடு தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பார்த்தீங்களா சார்? ஒரு சொட்டு ஒழுகல."